பல்லைக் கடித்தால் படமெடுக்கும் கருவி

"கேமரா செய்யிறவனுங்க எல்லாருக்கும் வலது கை இருக்குடா பெர்னார்ட். அதான் பிரச்சினை" என்று குளோரியா ஒருநாள் என்னிடம் கத்தினாள்.

அப்போது அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. லிங்கராஜபுரத்தில் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைமேல் அவளுடைய இரண்டு கேமராக்களும் கிடந்தன. இரண்டிலும் பொத்தான் வலது பக்கம். எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் அப்படித்தான். இடது கைக்காரர்களுக்குக் கத்தரிக்கோல் இருக்கிறது, கிட்டார்கூட இருக்கிறது. கேமரா மட்டும் கிடையாது. எத்தனையோ வருஷம் அதே தொழிலில் இருந்தும் எனக்கு அதுவரை அது உறைத்ததில்லை.

நான் வீடியோ எடுப்பவன். குளோரியா போட்டோ. கல்யாணம், நிச்சயதார்த்தம், ஞானஸ்நானம், புதுநன்மை என்று கன்டோன்மென்ட் பக்கத்து வீடுகளில் எங்களைச் சேர்த்தேதான் கூப்பிடுவார்கள். அவள் வந்துவிட்டால் மாப்பிள்ளை வீடு, பெண் வீடு எல்லாம் அவள் கை காட்டும் இடத்தில்தான் நிற்கும். சாமியாரையே "ஃபாதர், ஒரு ஸ்டெப் பின்னாடி" என்பாள். அவரும் போவார். அவள் குரல் அப்படி. படமும் அப்படி இருக்கும் என்பதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆனேக்கல்லில் ஒரு நிச்சயதார்த்தம் முடித்துத் திரும்பும்போது, பொம்மசந்திரா தாண்டி ஒரு லாரி கை காட்டாமல் திரும்பியது. ஸ்கூட்டரோடு விழுந்தவளுக்கு வலது தோள் முதலில் தரையில் பட்டது. எலும்பு கூடிவிட்டது. கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புதான் அறுந்துபோயிருந்தது. "கை இருக்கும், வேலை செய்யாது" என்றார் டாக்டர். அப்படித்தான் ஆயிற்று.

பங்குக் கோயில் ஜனங்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அவளுடைய அம்மா ஜோசஃபின் ஒவ்வொருவரிடமும் கதையை முதலிலிருந்து சொல்லி அழுவார். வந்தவர்களும் அழுவார்கள். ஒரு அம்மா போகும்போது, "எல்லாம் ஆண்டவர் சித்தம்மா" என்றார்.

"லாரிய ஆண்டவரா ஓட்டினாரு?" என்றாள் குளோரியா. அந்த அம்மா அதற்கப்புறம் வரவில்லை.

வலியைவிட அவளை அதிகம் எரித்தது அந்தத் தொனிதான். எல்லோரும் அவளிடம் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள், சாவு வீட்டில் பேசுவதுபோல. இத்தனை வருஷமாக ஒரு மண்டபத்தையே அதட்டியவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரத் வந்தான். திருப்பத்தூர்ப் பையன், பொம்மசந்திராவில் மெஷின்களுக்கு சென்சார் செய்யும் கம்பெனியில் எஞ்சினியர். ஹெப்பகோடியில் குடியிருந்தான். அவனுக்கும் கிருத்திகாவுக்கும் நடந்த கல்யாணத்தை விபத்துக்கு முன்னால் நாங்கள்தான் எடுத்திருந்தோம். ஆல்பம் இன்னும் போகவில்லை. குளோரியா யார் போனையும் எடுப்பதில்லை. பையன் நேரிலேயே சண்டைக்கு வந்துவிட்டான்.

வாசலிலேயே ஆரம்பித்தான். "என்ன மேடம் இது, எத்தனை தடவை போன் பண்றது? எங்க மாமியார் வீட்ல கேக்கறாங்க, நான் என்ன பதில்..." அதற்குள் கையைப் பார்த்துவிட்டான். குரல் இறங்கிப்போயிற்று. "ஐயோ, சாரி மேடம். எனக்குத் தெரியாது. ஆல்பம் மெதுவா குடுங்க, அவசரமே இல்ல."

"கத்தத்தானே வந்தே? கத்து" என்றாள் குளோரியா. "ஆல்பம் லேட்டு. அது என் தப்பு. படம் செலக்ட் பண்றதுக்கு இடது கை போதும். நான்தான் போர்த்திக்கினு படுத்துட்டேன். அதுக்குத் திட்டு. கைக்காக வுட்டுக் குடுக்காதே."

பரத் என்னைப் பார்த்தான். நான் என்ன செய்வேன்? நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தவன் மேஜையிலிருந்த கேமராவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "பொத்தானை மட்டும் வேற எடத்துல கொண்டு வந்து வெச்சா உங்களுக்குப் போதுமா மேடம்?" என்று கேட்டான்.

அதுவரை வந்தவர்கள் எல்லோரும் கையைப் பற்றித்தான் கேட்டார்கள். கேமராவைப் பற்றிக் கேட்டவன் அவன் ஒருவன்தான். குளோரியா அவனுக்குத் தன் இடது கையாலேயே டீ போட்டுக் கொடுத்தாள். பாதி தட்டில் சிந்தியது. அதைத் துடைக்க வந்த அம்மாவை முறைத்தாள்.

இடுப்பு பெல்ட்டில் ஊன்றிய ஒற்றைக்கால் ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, இடது கையால் பிடித்து, லென்சையும் அதே கையால் திருக முடிந்தது. பொத்தானை அழுத்த ஆள் வேண்டும். அதற்கு பரத் முதலில் செய்தது வாயில் வைத்துக் கடிக்கும் ஒரு ரப்பர் துண்டு. மெதுவாகக் கடித்தால் ஃபோகஸ், அழுத்திக் கடித்தால் படம். வேலை செய்தது. ஆனால் எச்சில் வழிந்தது. அதுகூடப் பரவாயில்லை. வாயில் ரப்பரை வைத்துக்கொண்டு "எல்லாரும் இந்தப் பக்கம் பாருங்க" என்று எப்படிக் கத்துவது? பக்கத்து வீட்டுக் குழந்தைகளை நிற்கவைத்து அவள் முயன்றபோது "ஊ ஊ" என்றுதான் வந்தது. நான் சிரித்துவிட்டேன். ரப்பர் துண்டு என் நெற்றியில் வந்து விழுந்தது.

"வாய் எனக்கு வேணும் பரத். அது இல்லாம நான் தொழில் பண்ண முடியாது" என்றாள்.

யோசித்துவிட்டு அடுத்த மாதம் வேறொன்று கொண்டுவந்தான். தலையில் மாட்டும் இயர்ஃபோன் மாதிரி ஒரு பட்டை. பல்லைக் கடித்தால் காதுக்குக் கீழே தாடையில் ஒரு தசை புடைக்கும் அல்லவா, அதன்மேல் சின்னதாக ஒரு சென்சார். அங்கிருந்து ஒரு ஒயர் கேமராவுக்கு. பேசினால் அந்தத் தசை அவ்வளவாகப் புடைக்காது, கடித்தால்தான் புடைக்கும். நல்ல யோசனை. ஆனால் குளோரியா விஷயத்தில் ஒரு கோளாறு. அவளுக்குக் கோபம் வந்தால் பல்லைக் கடிப்பாள். கேமரா படபடவென்று எடுத்துத் தள்ளியது. ஒரு பிறந்தநாள் விழாவில் கேக் வெட்டத் தாமதம் செய்த குடும்பத்தின்மேல் அவளுக்கு வந்த எரிச்சலெல்லாம் வெறும் தரையும் மேஜைக்காலுமாகப் பதிவாகியிருந்தது.

அதைச் சரிசெய்ய பரத் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தான். தசை அசைவது திரையில் கோடாக ஓடியது. "அக்கா, கொஞ்சம் கோவப்படுங்க" என்றான். மேடம் போய் அக்கா வந்திருந்தது.

"எதுக்கு?"

"சும்மா, ரீடிங்குக்கு."

"நக்கோ, வேணாம். சும்மால்லாம் கோவம் வராது."

அவன் திரையைப் பார்த்தபடியே, "எங்க கல்யாண ஆல்பத்துல அட்டை கலர் தப்பா வந்துருக்குக்கா. நாங்க கேட்டது மெரூன்" என்றான்.

கோடு திரையைவிட்டு வெளியே போயிற்று. படமெடுக்கும் கடி பட்டென்று முடிந்துவிடும், கோபக் கடி விடாமல் நீளும் என்பது அப்படித்தான் தெரிந்தது. நீளும் கடியைக் கருவி கண்டுகொள்ளாதபடி செய்தான். அட்டை விஷயம் உண்மையா என்று அவள் கேட்டதற்கு, உண்மைதான் என்றான்.

அதை மாட்டிக்கொண்டு அவள் முதலில் எடுத்தது ஒரு ஞானஸ்நானம். குழந்தை தலையில் தண்ணீர் விழும் அந்தக் கணத்தைப் பிடித்திருந்தாள். தண்ணீர் நெற்றியைத் தொடவில்லை, குழந்தை இன்னும் அழத் தொடங்கவில்லை. ஞானத்தகப்பனை "கண்ணாடிய கழட்டுங்க, லைட் அடிக்குது" என்று அதட்டினாள். அன்று எனக்கு என் பழைய கூட்டாளி திரும்பக் கிடைத்தாள்.

அடுத்த ஒரு வருஷத்தில் அதைப் பார்த்த போட்டோகிராஃபர்கள் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். கையில் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இல்லை. ஏரியோரம் படுத்துப் பறவை எடுப்பவர்களுக்கும் இரண்டு கையும் லென்சுக்கு வேண்டியிருந்தது. நிறையச் செய்வதென்றால் பிளாஸ்டிக் மூடிக்கு மோல்டு, அதாவது வார்ப்பு அச்சு, போட வேண்டும், அதற்குப் பெரிய முதல் வேண்டும். இணையத்தில் கூட்டுநிதி திரட்டலாம் என்றான் பரத். கருவி வேண்டுமென்கிறவர்கள் முன்பணம் கட்டுவார்கள். குறித்த நாளுக்குள் இலக்கைத் தொட்டால் பணம் நமக்கு வரும், தொடாவிட்டால் அவரவருக்கே திரும்பிப் போய்விடும். கருவிக்கு 'கடி' என்று பெயர் வைத்தார்கள். அந்தத் தளத்தில் போடுவதற்கு ஒரு வீடியோ வேண்டும். அதற்காக பரத் தன் நண்பன் டிரேவரை அழைத்து வந்தான். விளம்பரப் படம் செய்கிற பையன்.

நான்தான் எடுத்துக் கொடுத்தேன். குளோரியா ஒரு கல்யாணத்தில் வேலை செய்வது, பட்டையை ஒரு கையாலேயே மாட்டுவது, அவள் எடுத்த படங்கள். அவ்வளவுதான். டிரேவர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"ஆன்ட்டி, இது டெமோ. இதுல எமோஷன் இல்ல. ஜனங்க பொருளுக்குக் காசு தர மாட்டாங்க, கதைக்குத்தான் தருவாங்க. அந்தக் கைய ஒரு க்ளோஸ்-அப். அப்புறம் ஆக்சிடென்ட் பத்திப் பேசும்போது நீங்க கொஞ்சம் நிறுத்தணும், கண்ணு கலங்கணும்."

"நான் எதுக்குடா கலங்கணும்? லாரி டிரைவரைக் கூட்டியாந்து கலங்கச் சொல்லு" என்றாள். "வேலைய காட்டு. கைய காட்டினே, கேமராவாலயே அடிப்பேன்."

சரி சரி என்று சிரித்துக்கொண்டே போனான். எங்கள் வீடியோவோடுதான் தளம் திறந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் வந்தது. கெடுவில் பாதி கழிந்தபோது இலக்கில் கால்பங்கைக்கூடத் தொடவில்லை. அதற்கப்புறம் ஒரு வாரத்தில் திடீரென்று மளமளவென்று ஏறியது. பரத் போனில் மகிழ்ச்சியாகச் சொன்னான். குளோரியா தன் அம்மாவுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தாள். ஏன் ஏறியது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஆல்பம் வேலையாக நான் அவள் வீட்டில் இருந்தபோது ஃபிராங்க்ளின் அங்கிள் போன் செய்தார். அவர் மகள் ஜூடித்தின் கல்யாணம் ஈஸ்டருக்கு அடுத்த வாரம். நாங்கள்தான் எடுப்பதாக முடிவாகியிருந்தது. அவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"குளோரியாம்மா, வீடியோ பார்த்தோம். வீட்ல எல்லாரும் அழுதுட்டோம்மா. ஜூடித் சாப்பிடவே இல்ல."

"என்ன வீடியோ அங்கிள்?"

"உங்க மம்மி உனக்குத் தலை பின்னி வுடறாங்களே... எவ்ளோ கஷ்டம்மா உனக்கு. இவ்ளோ கஷ்டத்துல நீ எங்க கல்யாணத்துக்கு வந்து நிக்க வேணாம். வேற ஆளு பார்த்துக்கிட்டோம். அட்வான்ஸ நீயே வெச்சுக்கோ, எங்க காணிக்கைனு நெனச்சுக்கோ."

அவள் போனை வைத்தாள்.

வீடியோவைத் தேடி எடுத்தோம். எங்கள் வீடியோவுக்கான கல்யாண ஷூட்டிங்குக்கு நாங்கள் கிளம்பிய அன்று, வீட்டுக்கு வந்திருந்த டிரேவர் பாதி திறந்த கதவு வழியாகத் தன் போனில் எடுத்திருக்கிறான். ஜோசஃபின் அம்மா மகளுக்குத் தலை வாரிப் பின்னுகிறார், சட்டைக் காலர் பொத்தானைப் போட்டுவிடுகிறார். தலை வாரும்போது சிக்கு இழுத்ததில் குளோரியா கண்ணை மூடியிருந்தாள். அதை மெதுவாக ஓடவிட்டு, பின்னால் வயலின் போட்டு, கீழே 'அவளுக்கு இன்னொரு கை கொடுங்கள்' என்று எழுதியிருந்தான். லட்சக்கணக்கானவர்கள் பார்த்திருந்தார்கள். கும்பிடும் கைகளும் கண்ணீர் முகங்களுமாகக் கீழே ஓடிக்கொண்டே இருந்தது.

"சிக்கு" என்றாள் குளோரியா. "சிக்குடா அது. வலிச்சுது. அதுக்கு வயலினா?"

ஜோசஃபின் அம்மா பயந்துபோய், "நல்லாத்தானே எடுத்துருக்கான்" என்று முணுமுணுத்தார். குளோரியா எழுந்து செருப்பை மாட்டினாள். "வா பெர்னார்ட், ஹெப்பகோடிக்கு."

ஸ்கூட்டரில் அவள் ஏறுவதில்லை. இரண்டு பஸ் மாறிப் போனோம். சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் பஸ் நின்றுகொண்டே இருந்தது. வழியெல்லாம் அவள் தாடைத் தசை புடைத்துப் புடைத்து அடங்கியது.

கதவைத் திறந்தது கிருத்திகா. பரத் உள்ளே தரையில் உட்கார்ந்து ஏதோ ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். குளோரியா போனை அவன் முன்னால் நீட்டினாள்.

"இது உனக்குத் தெரியுமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தெரியும்கா."

"என்னக் கேட்டியா?"

"கேட்டா நீங்க ஒத்துக்க மாட்டீங்க."

"அதுக்குத்தாண்டா கேக்கணும்! ஒத்துக்க மாட்டேன்னு தெரிஞ்சா கேக்காம செஞ்சுடலாமா?"

"அக்கா, டார்கெட் வரலைன்னா ஒரு பைசா கைக்கு வராது. மோல்டு கிடையாது, கருவி கிடையாது. ரெண்டு வருஷ வேலை. உங்களுக்காகத்தானே ஆரம்பிச்சேன்? இப்ப பாருங்க, இலக்கத் தாண்டிடுச்சு."

"யாரு குடுத்துருக்காங்க? படி." அவன் தயங்கினான். கிருத்திகா மடிக்கணினியை இழுத்து வாசித்தாள். 'என்னிடம் கேமரா இல்லை, கருவி அனுப்ப வேண்டாம், அந்த அக்காவுக்கு என் சிறு உதவி.' 'கடவுள் உங்களுக்குத் துணை.' 'பாவம்.' பெரும்பாலும் இதே மாதிரி.

"பார்த்தியா? இவங்க ஒருத்தருக்கும் கருவி வேணாம். என்னப் பிச்சைக்காரியா நிக்க வெச்சு உண்டியல் குலுக்கியிருக்கே. ஜூடித் கல்யாணம் போச்சு, தெரியுமா? 'பாவம், அவளால முடியாது'ன்னு வேற ஆளு வெச்சுட்டாங்க. என்னால முடியும்னு காட்டறதுக்குத்தானே இந்தக் கருவி? அதையே வெச்சு முடியாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டியேடா!"

பரத்தின் கண் கலங்கிவிட்டது. "அழாதே, எனக்கு ஆத்திரம் ஜாஸ்தியாவுது" என்றாள்.

பிறகு போனை என் கையில் திணித்தாள். "எடு." அந்த வீட்டுச் சுவரோரம் நின்று ஒரே மூச்சில் பேசினாள். ஒத்திகை கிடையாது.

"நான் குளோரியா. கல்யாணப் போட்டோ எடுக்கறவ. அந்த வீடியோவை என்னக் கேக்காம எடுத்தாங்க, என்னக் கேக்காம போட்டாங்க. அதுல நான் அழல, தலைல சிக்கு. இது ஒரு கருவி. கேமரா வெச்சிருக்கறவங்களுக்கு. உங்ககிட்ட கேமரா இல்லைன்னா காச திரும்ப எடுத்துக்குங்க. எனக்குப் பரிதாபம் வேணாம், வேலை குடுங்க. என் படம் நல்லா இல்லைன்னா திட்டுங்க. அவ்ளோதான்."

"இதப் போட்டா எல்லாம் இறங்கிடும்கா" என்றான் பரத். தளத்தின் கடவுச்சொல் அவனிடம்தான் இருந்தது. மடிக்கணினியை மூடி மடியில் வைத்துக்கொண்டான்.

கிருத்திகா புருஷனிடம் சொன்னாள். "என்னை இப்படிக் கதவு சந்துல எடுத்து யாராவது போட்டிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க? போடுங்க."

போட்டான். பழையதை எடுத்தும் விட்டான். டிரேவர் போனில் கத்தினான், தற்கொலைக்குச் சமம் என்றான், அவனுக்குப் பதில் சொல்லும் வேலையைக் குளோரியா எடுத்துக்கொண்டாள். அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பணம் இறங்கத்தான் செய்தது. சிலர் மரியாதையாக எடுத்துக்கொண்டார்கள். நிறையப் பேர் வைதுவிட்டு எடுத்துக்கொண்டார்கள். 'நன்றி கெட்டவள்', 'ஊனத்திலும் திமிரைப் பார்' என்றெல்லாம் எழுதினார்கள். ஜோசஃபின் அம்மா கோயிலுக்குப் போகவே கூசினார். கெடு முடிந்தபோது இலக்கைத் தொடவில்லை. மிச்சமிருந்த பணமும் அவரவருக்குத் திரும்பிப் போயிற்று. எங்கள் கையில் ஒன்றுமில்லை. பரத்தும் குளோரியாவும் பேச்சு விட்டார்கள். என்னிடம் இருவரும் தனித்தனியாகப் பேசுவார்கள், ஒருவரைப் பற்றி மற்றவர்.

அவர்களைத் திரும்ப ஒரே அறைக்குள் கொண்டுவந்தது கிருத்திகாதான். பணத்தைத் திரும்ப எடுக்காமல் கடைசிவரை இருந்தவர்களுக்கு அவளே எழுதிக் கேட்டிருக்கிறாள். எல்லோரும் கேமரா வைத்திருப்பவர்கள். மதுரையில் பக்கவாதம் வந்த ஒரு ஸ்டுடியோக்காரர், மங்களூரில் பறவை எடுக்கும் ஒரு டாக்டரம்மா, இப்படி. அச்சு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மூடி சொரசொரப்பாக இருந்தாலும் பரவாயில்லை, கருவி வந்தால் போதும் என்றார்கள். மோல்டுக்குப் பதில் 3டி பிரிண்டரில் ஒவ்வொன்றாக எடுப்பது என்று சின்ன இலக்கோடு மறுபடி தளத்தைத் திறந்தார்கள். இந்த முறை வீடியோவில் குளோரியா எடுத்த படங்கள் மட்டும். அவள் முகம்கூட இல்லை, குரல் உண்டு. மெதுவாக நிரம்பியது, கடைசி நாளில் தாண்டியது.

எல்லாம் ஹெப்பகோடி வீட்டில்தான் தயாரானது. கிருத்திகா ஒட்டினாள், பரத் பற்றவைத்தான், குளோரியா ஒவ்வொன்றையும் தலையில் மாட்டிக் கடித்துப் பார்த்துத் தேறியதை ஒரு பக்கம், தேறாததை அவன் பக்கம் எறிந்தாள். மாலையில் அவளுக்குத் தாடை வலிக்கும். இட்லியைக்கூட மெதுவாகத்தான் மெல்லுவாள்.

பெட்டிகள் போய்ச் சேர்ந்த பிறகு முதல் போன் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. "என்னங்க பொருள் இது? வியர்வை பட்டா நின்னு போகுது. ரிசப்ஷன் நடுவுல என் மானத்த வாங்கிடுச்சு!" என்று ஒருவர் பொரிந்து தள்ளினார். யாரிடம் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. குளோரியா போனைக் காதில் வைத்துக்கொண்டே எழுந்து நின்றுவிட்டாள். அவள் முகத்தில் அப்படியொரு தெளிவு. "பட்டைய துடைச்சீங்களா? பெட்டில எழுதியிருக்கே, படிச்சீங்களா?" என்று அவளும் கத்தினாள். இருவரும் வெகுநேரம் சண்டை போட்டார்கள். தப்பு எங்கள் பக்கம்தான். பரத் வியர்வைக்கு மாற்று உறை செய்து அனுப்பினான்.

பரத்தை அவள் மன்னித்துவிட்டாளா என்று கேட்டால், இல்லை. வேலை சேர்ந்து செய்கிறார்கள், அவன் குழந்தையின் பிறந்தநாளை அவள்தான் எடுத்தாள். ஆனால் அவன் எதையாவது முடிவு செய்யப் போனால், "கேட்டியா?" என்பாள், எல்லோர் முன்னாலும். அவன் முகம் சுண்டிப்போகும். ஜூடித்தின் கல்யாண ஆல்பத்தை யாரோ காட்டினார்கள். புரட்டிவிட்டு, "பாதி படத்துல பொண்ணு கண்ண மூடிக்கினு இருக்கு" என்று மூடி வைத்தாள். அந்த வீட்டார் திரும்பக் கூப்பிடவில்லை. அந்தத் தலை பின்னும் வீடியோ இன்னும் சாகவில்லை. யாராவது சேமித்து வைத்திருந்ததைப் புது வயலினோடு அனுப்பிவைப்பார்கள். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு அதே கோபம், அதே சூடு.

போன மாதம் பொம்மசந்திரா பக்கம் ஒரு மண்டபத்தில் கல்யாணம். மாலை மாற்றப் போகிற நேரம். பெரியவர் ஒருவர் நேராக அவளிடம் வந்து, அந்த அசையாத கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு, "நீதானேம்மா அந்த வீடியோல வந்த பொண்ணு?" என்றார்.

"சார், கைய வுடுங்க. தள்ளுங்க. மாப்பிள்ளைய மறைக்கிறீங்க."

மேடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெரியவர் திகைத்து இரண்டடி பின்வாங்கினார். அவள் அதற்குள் குனிந்து, லென்சைத் திருகி, "பொண்ணு, கீழ பாக்காதே, என்னப் பாரு" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். மாலை விழுந்தது. நானும் என் கேமராவோடு அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.